செம்மண் ஓடுதளத்தில் ஓர் இருக்கை

போன வாரம் மெல்பேர்னை ஒட்டிய வெரிபீயில், எங்கள் வீட்டில், மகள் சென்னைக்குப் பெட்டி கட்டினாள். பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி எடை மெஷினில் ஏறி நின்றாள். பிறகு பெட்டி இல்லாமல் நின்றாள். கழித்துப் பார்த்து, "டாட், டூ கிலோஸ் ஓவர்" என்று முகம் சுளித்தாள். எனக்கு மூக்கில் விமான எண்ணெயும் சுட்ட செம்மண்ணும் கலந்த வாடை ஏறிவிட்டது. ஒரு காலத்தில் என்னையே நிறுத்துத்தான் விமானத்தில் ஏற்றினார்கள் என்றால் அவள் நம்பமாட்டாள்.

எண்பதுகளின் நடுவில், மேற்கு ஆஸ்திரேலியாவின் வடக்கே, பெயர்கூடச் சரியாக இல்லாத ஒரு சுரங்க முகாமில் நில அளவையாளனாக இருந்தேன். விமான நிலையம் என்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு செம்மண் ஓடுதளம், நான்கு பக்கமும் முள்புல். மார்கரெட் என்ற பெண்மணிதான் அங்கே எல்லாம். டிக்கெட் கொடுப்பார், தேநீர் ஊற்றுவார், விமானம் இறங்குமுன் ஜீப்பில் போய்க் கங்காருக்களை விரட்டுவார். அரிசி மண்டித் தராசு போன்ற ஒன்றில் நம்மை ஏற்றி, எடையை ஊருக்கே கேட்கும்படி வாசிப்பார். நான் ஐம்பத்திரண்டு கிலோ. இதையும் இன்று யாரும் நம்புவதில்லை.

முகாமில் தமிழர்கள் இரண்டே பேர். மற்றவர் தேவராசா அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது, ஜெனரேட்டர் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் டின் மீனில் அவர் வைக்கும் குழம்புக்காகவே நான் அவருக்குத் தம்பியானேன்.

அந்த ஜனவரியில் எனக்கு விடுமுறை. சிட்னியில் இந்திய அணி ஆடும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு நண்பன் டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். பத்து வாரமாக அந்த ஒரு நாளை நினைத்தே புழுதி தின்றிருந்தேன். கொட்டகைக்குப் போனால் தேவராசா அண்ணனும் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். சிட்னிப் பக்கம் பரமட்டாவில் தங்கையோடு இருக்கும் தாயாருக்கு மறுபடி முடியவில்லையாம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று வெயில் கொளுத்தியது. அந்த வெக்கையில் முழுப் பாரத்தோடு விமானம் எழும்பாது, ஒரு ஆள் இறங்க வேண்டும், நாளைக்கு இன்னொரு விமானம் வரும் என்று விமானி சொல்லிவிட்டார். பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. மார்கரெட் பேனாவை எடுத்தார். எனக்கு என்ன வந்ததோ, என் அம்மா சாகக் கிடக்கிறாள், நான் இன்றைக்கே இந்தியா போயாக வேண்டும் என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரல்கூட உடைந்தது. என் அம்மா அந்நேரம் திருச்சியில் ரேஷன் கடை வரிசையில் யாரோடோ சண்டை பிடித்துக்கொண்டு திடமாக நின்றிருப்பாள்.

மார்கரெட்டுக்குச் சொன்ன பொய் அது. கேட்டவர் தேவராசா அண்ணன். எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

"நீர் போம் தம்பி. எங்கட அம்மா ரெண்டு வருசமாப் போறன் போறன் எண்டுதான் சொல்லிக்கொண்டிருக்கிறா. இன்னும் ஒரு நாள் அவ பொறுப்பா."

மறுத்திருக்கலாம். அரை நிமிடம் இருந்தது. நான் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினேன். ஜன்னல் வழியே அவர் கை காட்டியதைப் பார்க்காததுபோல் இருந்தேன்.

மறுநாள் மழை. அந்த ஊரில் மழை என்றால் ஓடுதளம் களிமண் குழம்பு. நான்கு நாள் எதுவும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவருடைய தாயார் போய்விட்டார். ஆட்டத்தில் யார் எத்தனை அடித்தார்கள் என்பது எனக்கு இன்று நினைவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் முகாமுக்குத் திரும்பியபோது தலை மொட்டை. நான் வாயைத் திறக்குமுன் அவரே கேட்டார்.

"அம்மாவுக்கு இப்ப எப்பிடி?"

"பரவாயில்லண்ணே" என்றேன்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும், குழம்பை என் தட்டில் ஊற்றிக்கொண்டே அதே கேள்வி. நான் ரத்த அழுத்தம், மாத்திரை என்று கூட்டிக்கொண்டே போனேன். நான்கு மாதத்தில் வேலையை விட்டு மெல்பேர்னுக்கு ஓடிவந்தேன்.

சொல்லிவிட வேண்டும் என்று துணிவு வருவதற்குள் பதினைந்து வருடம். விலாசம் விசாரித்துப் பரமட்டாவுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அவருடைய தங்கை. அண்ணன் போன வருடம் மாரடைப்பில் தவறிவிட்டார் என்றார். நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்து, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்களோ அந்தத் தம்பி? அண்ணை உங்களைப் பற்றிக் கதைக்காத நாளில்லை. எங்கட அம்மாவிட்டப் போய்ச் சேர முடியேல்லை, ஒரு தாயிட்டயாவது பிள்ளை நேரத்துக்குப் போச்சுது எண்டு சொல்லுவார். அதுதான் அவருக்கு ஆறுதல்."

தேநீர் கொண்டுவந்தார். குடித்தேன். போய் வருகிறேன் என்று எழுந்தபோது, என் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

பெட்டி கட்டிய அன்றிரவு, மகள் தூங்கியபின் கம்ப்யூட்டரில் அந்த இடத்தைத் தேடினேன். சுரங்கம் மூடி வெகுகாலமாகிறது. கொட்டகை இல்லை. ஓடுதளம் இருந்த இடத்தில் புல் நடுவே வெளிறிய ஒரு கோடு, அதுவும் நான் தேடியதால்தான் தெரிந்தது. தேவராசா அண்ணனின் தங்கையும் இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். என் அம்மாவும் இல்லை. நான் சொன்னது பொய் என்று போய்ச் சொல்ல இனி ஒரு வாசல்கூட மிச்சமில்லை.