சோளகக் காற்றில் சாய்ந்து ஓடியது

முரசுமோட்டையில் இருந்து பூநகரிக்கு நான் வேலைக்குப் போய்வருவது மோட்டார் சைக்கிளில். விவசாயப் போதனாசிரியராக எனக்குத் தரப்பட்ட கிராமங்கள் எல்லாம் பூநகரிப் பக்கம்தான். பரந்தனில் திரும்பினால் பிறகு வயலும் வெளியும் மட்டுமே. பஸ்ஸை நம்பினால் காலையில் பார்க்க வேண்டிய பயிரைப் பின்னேரம்தான் பார்க்கலாம். அதனால் மகள் என் வயிற்றில் வருவதற்கு முன்பிருந்தே மோட்டார் சைக்கிள் ஓடுகிறேன். அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கு இரண்டு நாள் மோட்டார் சைக்கிள் பயிற்சி, அதுவும் ஓடத் தெரிந்தவர்களுக்கான மேற்பயிற்சி என்று அலுவலகத்தில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த கால்நடை உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். சில வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில் மனைவியை ஏற்றிக்கொண்டு வரும்போது சறுக்கி விழுந்தவர். அவருக்குச் சிராய்ப்பு, மனைவிக்குத் தோள் எலும்பு முறிவு. அன்றிலிருந்து அவர் தன் மோட்டார் சைக்கிளில் ஒருவரையும் ஏற்றியதில்லை. மனைவி கோயிலுக்குப் போவதென்றாலும் ஓட்டோதான். பின் இருக்கையில் ஆள் இருக்க இடமில்லாதபடி ஒரு மருந்துப் பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்.

பயிற்சி தர வந்தவள் செட்டிகுளத்துப் பெண். எங்களில் பலருக்கு மகள் வயதுதான் இருக்கும். பெற்றோர் மலையகத்தில் இருந்து வந்து அங்கே வயல் செய்பவர்கள். கொழும்பில் இந்தப் பயிற்சியை முறையாகப் படித்து, பிறருக்குப் பழக்கும் தகுதியும் எடுத்தவள். நெல் காயப்போடுகிற பெரிய சீமெந்துத் தளம் ஒன்றில், அறுவடை தொடங்காத நாட்களில், எங்களை வரிசையாக நிற்க வைத்தாள். ஒருவர் பின் ஒருவராக ஓடிவந்து, தரையில் அவள் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலைக் கண்டதும் பிறேக் பிடிக்க வேண்டும்.

நான் பிடித்தேன். பின் சில்லு இழுபட்டு, போத்தலைத் தாண்டி நெடுந்தூரம் போய்த்தான் நின்றேன்.

"அக்கா, நீங்கள் முன் பிறேக் பிடிக்கிறதே இல்லையோ?"

"பிடிச்சால் தூக்கி எறியுமெண்டுதானே சொல்லித் தந்தவை."

"ஆர் சொன்னது?"

"என்ரை தம்பி. அவன்தான் எனக்கு ஓடப் பழக்கினவன்."

"அவருக்கு ஆர் சொன்னது?"

அவள் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், நான் வந்ததைவிட வேகமாக வந்தாள். முன்பக்கம் சற்றுப் பணிந்தது, அவ்வளவுதான். நான் நிற்க எடுத்த தூரத்தில் பாதிகூட அவளுக்குத் தேவைப்படவில்லை. சத்தம் இல்லை, சறுக்கல் இல்லை.

"தேசிக்காய் பிழியிற மாதிரி அக்கா. ஒரேயடியா நசுக்கப்படாது. பிழிஞ்சு பிழிஞ்சு இறுக்கவேணும். பின் பிறேக்கும் கூட இருக்கட்டும், ஆனால் நிப்பாட்டிறது முன்னுக்கு இருக்கிறதுதான்."

மத்தியானத்துக்குள் நானும் அப்படி நின்றேன். இத்தனை வருடமும் என் வலது கைக்குள் இவ்வளவு பெரிய பலம் சும்மா இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அந்தத் தூரத்தைத் திரும்பிப் பார்த்தேன். நம்பமுடியவில்லை.

இரண்டாம் நாள் காலை, வாகனம் வராத, வழுவழுப்பான ஒரு காப்பெற் தார் வீதிக்குக் கூட்டிப்போனாள். கொஞ்சம் வேகம் எடுத்த பிறகு வலது கைப்பிடியை மெல்ல முன்னுக்குத் தள்ளிப் பார்க்கச் சொன்னாள்.

"தள்ளினால் சைக்கிள் இடப்பக்கம் எல்லோ திரும்பும்?" என்றார் அண்ணை.

"தள்ளிப் பாருங்கோ."

நான்தான் முதலில் போனேன். வலதைத் தள்ளினேன், சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்தது. இடதைத் தள்ளினேன், இடப்பக்கம் சாய்ந்தது. மறுபடி தள்ளினேன். பெரிய மிருகம் ஒன்று என் உள்ளங்கை சொல்வதைக் கேட்டு அசைவதுபோல இருந்தது. திரும்பி வந்து, "இதை நான் இவ்வளவு நாளும் செய்யேல்லையே," என்றேன்.

"செய்துகொண்டுதான் அக்கா இருந்தனீங்கள். செய்யாட்டில் ஒரு வளைவும் திரும்பியிருக்க மாட்டீங்கள். உங்கடை கைக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

அந்த வார்த்தை என்னை அப்படியே நிறுத்திவிட்டது. தினமும் என்னைக் கொண்டுபோய் வீட்டில் சேர்த்த கைகளைக் குனிந்து பார்த்தேன்.

பின்னேரம் எங்களை இரண்டு இரண்டு பேராகப் பெருவீதிக்குக் கூட்டிப்போனாள். என்னோடு அண்ணை. சங்குப்பிட்டிப் பாலம் வரை போய்த் திரும்ப வேண்டும். ஆடி மாதம், சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கிற காலம். கடலேரி பக்கத்தில் வந்ததும் காற்று இடப்பக்கத்தால் மோதியது. வழக்கம்போலக் கைகளை விறைத்து, பற்களைக் கடித்துக்கொண்டு ஓடினேன். அவள் பக்கத்தில் வந்து தன் முழங்கையைக் கோழிச் செட்டை மாதிரி அடித்துக் காட்டினாள். இளக்கச் சொல்கிறாள்.

இளக்கினேன். முழங்கால்களால் மட்டும் பெற்றோல் தாங்கியை அணைத்துக்கொண்டேன். சைக்கிள் காற்றுப் பக்கமாகச் சாய்ந்தது. ஆனால் அது விழவில்லை. அப்படிச் சாய்ந்தபடியே நேராக ஓடியது. காற்று கூடும்போது கூடச் சாய்ந்தது, குறையும்போது நிமிர்ந்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை. பாலத்தின் மேலே இரண்டு பக்கமும் தண்ணீர் வெள்ளை வெள்ளையாகப் புரண்டுகொண்டிருக்க, காற்றும் இரும்பும் தங்களுக்குள் கதைத்து முடிவெடுப்பதை நான் மேலே இருந்து பார்த்துக்கொண்டு போனேன். கண்ணில் வந்த தண்ணீர் காற்றால் மட்டும் வந்ததல்ல.

திரும்பி வரும்போது அவளுடைய பின் ரயரில் ஆணி ஏறிவிட்டது. சைக்கிளை வழியில் இருந்த ஒரு கடையில் விட்டோம். "என்னோடை வாங்கோ," என்றேன்.

"இல்லை அக்கா, நான் அண்ணையோடை வாறன்."

அண்ணை தலைக்கவசத்தைக் கழற்றினார். "தங்கச்சி, நான் ஆக்களை ஏத்திறேல்லை." கடை வாசலில் நின்றபடியே மழை நாளின் கதையைச் சொன்னார். எனக்கு அரைகுறையாகத் தெரிந்ததை அன்றுதான் முழுதாகக் கேட்டேன்.

அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "அண்டைக்கு எந்தப் பிறேக் பிடிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

"பின் பிறேக்தான். முழுப் பலத்தோடையும்." சொல்லிவிட்டு அவர் தன் சைக்கிளின் முன் பிறேக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அதுதானோ?" என்றார்.

"அதுதான். எங்கள் எல்லாருக்கும் அப்பிடித்தானே சொல்லித் தந்தவை. பின்னுக்கு இருக்கிற ஆள் சும்மா பாரமில்லை அண்ணை. நான் உங்களோடை சேர்ந்து சாய்வன். நீங்கள் தூரத்தை மட்டும் பாருங்கோ."

அவர் கயிற்றை அவிழ்க்க நேரம் எடுத்தது. வெயிலிலும் மழையிலும் முடிச்சு இறுகிப் போயிருந்தது. மருந்துப் பெட்டியை என் சைக்கிளில் கட்டினோம்.

நான் பின்னால் ஓடினேன். முதலில் அவருடைய தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. காற்றடிக்கிற வெளிக்கு வந்ததும் ஒரு தடவை தள்ளாடினார். பிறகு தோள்கள் இறங்கின, முழங்கை இளகியது. இரண்டு உடம்பும் சைக்கிளும் ஒன்றாகக் காற்றில் சாய்ந்தன. சாய்ந்தபடியே, வெளிறிப்போன அந்த நீண்ட வீதியில், கோடு கிழித்ததுபோல நேராகப் போயின. அதைவிட அழகான ஒன்றை நான் அந்த வீதியில் கண்டதில்லை.

அடுத்த கிழமை மருந்துப் பெட்டி அவருடைய மேசைக்குக் கீழே இருந்தது. அவராகவே சொன்னார்: "மனுசி கோயில் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தவா. திரும்பி வரேக்கை திறந்தவாவாம்."

எனக்கும் ஒன்று நடந்தது. முட்கொம்பன் பக்கம் வயல் பார்க்கப் போன காலை, வாய்க்காலோரம் ஒரு வளைவு. எத்தனையோ வருடம் திரும்பிய வளைவு. தூரத்தைப் பார்த்தேன், இடது கையை மெல்லத் தள்ளினேன், பூமி என்னைச் சுற்றிச் சாய்ந்து நிமிர்ந்தது. நெஞ்சு நிறைந்துபோயிற்று. நிறுத்தி, திருப்பிக்கொண்டு போய், அதே வளைவை மறுபடி எடுத்தேன். பிறகு இன்னொரு தடவை.

வேலி அடைத்துக்கொண்டிருந்த ஒருவர் எழும்பி நின்று கேட்டார். "என்ன பிள்ளை, எதையும் விழுத்திப்போட்டீங்களோ?"

"இல்லை ஐயா, சும்மா," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி வேலியில் குனியும்வரை காத்திருந்து, கடைசியாக ஒரு முறை சைக்கிளை அந்த வளைவுக்குத் திருப்பினேன்.