நாற்பது குரோட்டன்ஸ்

ஜூலை 13, ஞாயிறு, காலை 6.40. மேகமூட்டம். ஐந்து நிமிடம் தூறிவிட்டு, மீதியைப் புழுக்கமாகக் கொடுத்தது வானம்.

காட்டுப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில், திருமழிசையிலிருந்து நர்சரி வேன் வந்து நின்றது. நாற்பது குரோட்டன்ஸ் தொட்டிகள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று இலையே பூவாக மினுக்கும் செடி. எல்லாம் வாடகைக்கு — ஒரு பகலுக்கு மட்டும்.

எதற்கு? அன்று எங்கள் 'பசுமைப் பூங்கா' திறப்பு விழா. பூங்கா இருந்தது... பசுமைதான் இல்லை.

நான் சங்கப் பொருளாளர். இரண்டு முறை எண்ணிக் கையெழுத்துப் போட்டேன். நர்சரிக்காரர் முனுசாமி கறாராகச் சொன்னார்: "அஞ்சு மணிக்கு வந்துடுவேன் சார். நைட்டு மாங்காட்ல ரிசப்ஷன் கீது. இதே நாப்பதுதான் அங்க நிக்கணும்."

சிறப்பு விருந்தினர் ரிப்பன் வெட்டினார். இயற்கையை நேசிக்கச் சொல்லிப் பதினேழு நிமிடம் பேசினார். எங்கள் மக்கள் உடனே நேசித்துவிட்டார்கள். பகல் ஒரு மணிக்கு எண்ணினால் முப்பத்தொன்று!

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: 'செடிகள் வாடகைக்கு வந்தவை. எடுத்தவர்கள் ஐந்து மணிக்குள் திருப்பி வைக்கவும்.' நாலரைக்குப் போய் எண்ணினேன். நாற்பது! கண் கலங்கிவிட்டது. இந்த நாட்டில் நாணயம் இன்னும்...

ஐந்து மணிக்கு வந்த முனுசாமி எண்ணவில்லை. பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு தொட்டியைத் தூக்கினார். வெறும் குச்சி, அதில் நான்கு பழுப்பு இலை. இன்னொன்றில் டீத்தூளும் முட்டை ஓடும்.

"இன்னா சார் இது? ஐசியூ கேஸா நிக்குது?"

"தொட்டி உங்களுதுதானே?"

"தொட்டி என்னுது. செடி யார் ஊட்டுது?"

மொத்தம் ஒன்பது. வீட்டில் செத்துக்கொண்டிருந்ததை இதில் நட்டுவிட்டு, இதிலிருந்ததை... நிமிர்ந்து பார்த்தேன். 'ஏ' பிளாக் பால்கனிகளில் ஏழு குரோட்டன்ஸ் தகதகத்தன. மீதி இரண்டு ஹாலில் இருக்க வேண்டும்.

"இத்த மேடையாண்ட வெச்சேன்னா, பொண்ணு ஊட்டுக்காரன் என்னியத் தூக்கித் தொட்டில நட்டுடுவான் சார். ஒம்போதுக்கும் காசு குடு. போற வழியில வேற வாங்கிக்கினு போறேன்."

சங்கக் கணக்கில் எழுதலாமா என்று செயலாளரைக் கேட்டேன். "எண்ணி வாங்கினது நீங்கதானே சார்?" என்றார்.

உண்மைதான். முப்பத்தெட்டு வருஷம் பேங்க் கேஷியராக எண்ணியே சம்பளம் வாங்கியவன் நான். பார்ப்பதற்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை.

நடந்ததைக் குரூப்பில் விவரமாக எழுதினேன். யாராவது வெட்கப்படுவார்கள் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு பதில் வந்தது: 'அங்கிள், இதுக்கு என்ன உரம் போடணும்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க.'

ஒன்பது செடி, தலா 280. ஆக 2,520 ரூபாய். உரம் தனி.