சிக்ஸருக்கு ஓடாத அண்ணா

அண்ணா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி என்னை எழுதச் சொன்ன அப்பா, கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தார்.

"இன்ஜினியர்னு போடு. பந்து அடிச்சதையெல்லாம் எழுத வேண்டாம்."

திருச்சி உறவினர்கள் என்ன நினைப்பார்களோ என்பது அவர் கவலை. அண்ணாவின் வாழ்வில் பாதியை விட்டுவிட்டு எப்படி எழுதுவது என்பது என் கவலை.

அண்ணா உறையூரில் பிறந்தார். அம்மா இறந்தபோது நான் சிறு குழந்தை. எனக்குத் தலை வாரிவிட்டவர் அவர்தான்; வகிடு ஒருநாளும் நேராக வந்ததில்லை. கல்லூரியில் கிரிக்கெட் ஆடினார். அறுபதுகளின் இறுதியில் மேற்படிப்புக்காக மொன்றியல் வந்து, அங்கே சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளரானார். பின்னர் என்னையும் வரவழைத்துப் படிக்க வைத்தார். இன்று நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பது அவரால்தான்.

அவருடைய குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பனி ஒட்டிய காலணியோடு சமையலறைக்குள் வருவார். இரண்டு, தாமதமாகக் கிளம்பிவிட்டுப் பேருந்தைத் திட்டுவார். மூன்று, எதற்காகவும் ஓட மாட்டார்.

அவரோடு வேலை பார்த்த மார்செல், கோடையில் ஒரு பேஸ்பால் அணியை நடத்தினார். ஒருநாள் ஆள் குறைந்ததால் அண்ணாவை அழைத்துப் போனார். அண்ணா அடித்த பந்து வேலியைத் தாண்டி, தெருமுனைக் கடையின் கூரையில் விழுந்தது. பேஸ்பாலில் அப்படி அடித்தாலும், நான்கு முனைகளையும் தொட்டு ஒரு சுற்று வந்தால்தான் ரன். அண்ணாவோ மட்டையால் தரையைத் தட்டிக்கொண்டு அடுத்த பந்துக்குக் காத்து நின்றார். மார்செல் பிரெஞ்சில் கத்தினார். வேடிக்கை பார்க்கப் போயிருந்த நான் தமிழில் கத்தினேன்.

"ஓடுங்கண்ணா!"

"சிக்ஸர்தானே? இதுக்கு எதுக்கு ஓடணும்?"

எல்லோரும் கத்தவே, கோபித்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நடுவர் அவுட் கொடுத்தார். அந்த ஒரு ரன்னில் அணி தோற்றது.

ஆனாலும் அந்த அடியைப் பற்றிய பேச்சு பரவியது. அடுத்த கோடையில் பக்கத்து ஊர் அணி ஒன்று அவருக்குச் சம்பளம் கொடுத்து ஆட அழைத்தது. சில கோடைகள் ஆடினார். வேலிக்கு வெளியே அடித்தால் நடந்தே சுற்றலாம் என்று கண்டுகொண்டதால்தான் அவ்வளவு பலமாக அடித்தார் என்பது மார்செலின் முடிவு. சீருடையின் புல்கறையைத் துவைத்தது நான்.

செய்தி அப்பாவுக்கு எட்டியது. "கூலிக்குப் பந்தடிக்கவா அனுப்பினேன்?" என்று எழுதினார். அண்ணா பதில் எழுதவில்லை. அப்பாவும் அதன்பின் அவருக்கு எழுதவில்லை. இருவருக்கும் நடுவில் எழுதி எழுதி என் கைதான் ஓய்ந்தது.

பிறகு ரத்தப் புற்றுநோய் வந்தது. மருத்துவமனையில் தாழ்வாரத்தின் கடைசிவரை நடக்கச் சொன்னால், பாதியில் திரும்பிவிடுவார். ஒருநாள் கேட்டார்:

"நான் நல்லா அடிப்பேன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கியா?"

"நீங்களே எழுதுங்கண்ணா."

எழுதவில்லை.

சென்ற வாரம் அப்பா இங்கு வந்து சேர்ந்தார். மார்செல் எங்களை அந்த மைதானத்துக்கு அழைத்துப் போனார். "எங்கேருந்து அடிச்சான்? எங்கே விழுந்தது?" என்று அப்பா கேட்க, மார்செல் கடைக் கூரையைக் காட்டினார். அத்தோடு நிற்காமல், உங்கள் மகன் ஓடாததால் அன்று தோற்றோம் என்று இத்தனை வருடம் கழித்தும் குறைப்பட்டார். மொழிபெயர்த்தேன். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சிக்ஸருக்கு எதுக்கு ஓடணும்? அந்த ஆள்கிட்ட கேளு!"

அதையும் மொழிபெயர்த்தேன். மார்செல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அண்ணாவுக்கு முறைபோட்டு ரத்தம் கொடுத்த மார்செலுக்கும் அணி நண்பர்களுக்கும், பனிக்காலம் முழுவதும் என்னைக் காரில் மருத்துவமனைக்கு அழைத்துப் போன தமிழ்க் குடும்பங்களுக்கும், அவருடைய பிடிவாதத்தைப் பொறுத்துக்கொண்ட தாதியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கூரையை விட்டுடாதே."

விடவில்லை, அப்பா.