இரண்டு விரல்களும் ஒரு கோபமும்

கொரோனா ஊரடங்கு தளர்ந்து, ஒரகடத்துத் தொழிற்சாலைகள் விட்டதைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த சமயம். கார் பாகங்களுக்குத் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் எனக்கு வேலை. இரண்டு பொத்தான்களை இரண்டு கைகளாலும் சேர்த்து அமுக்கினால்தான் இயந்திரம் இறங்கும். கை உள்ளே மாட்டாமலிருக்க அப்படி ஓர் ஏற்பாடு. டார்கெட் நெருக்கும்போது சிலர் ஒரு பொத்தானில் குச்சியைச் செருகி, அமுங்கியபடியே வைத்துவிடுவார்கள். ஒரு கை மிச்சம். வேகம்.

முந்தைய ஷிப்டுக்காரன் தென்காசிப் பக்கம். என் சாப்பாட்டுத் தட்டில் உரிமையோடு கை வைக்கிறவன். அன்று குச்சியை எடுக்க மறந்து போய்விட்டான். நான் இடது கையால் தகட்டைச் சரிசெய்தபோது, வலது முழங்கை அடுத்த பொத்தானில் பட்டுவிட்டது. இரண்டு விரல்கள் போயின.

புண் ஆறியது. நான் ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவனை முகம் திருப்பி அனுப்பினேன். வேலையை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டும் மனம் இளகவில்லை. சட்டை மாட்டும்போது கோபம் விழிக்கும்; படுத்தால் நெஞ்சுக்குள் அதே இயந்திரம் இறங்கி இறங்கி ஏறும். வருஷங்கள் போயின. மாத்திரை போட்டும் இரத்தக் கொதிப்பு அடங்கவில்லை. இப்படியே விட்டால் பக்கவாதம்தான் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வெடித்தாள். "ரெண்டு வெரலத்தான்யா அவன் எடுத்தான். மிச்ச உடம்ப நீயே அவனுக்குக் குடுத்துக்கினு கீற!"

அடுத்த ஞாயிறு, விசாரித்துக்கொண்டு, ஒரகடத்துக்குப் பக்கத்து ஊரான வல்லம் வடகாலில் அவன் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான்.

"போனது போச்சுப்பா. இனிமே உம்மேல எனக்குக் கோவம் இல்ல" என்றேன். சொல்லும்போதே தோள் தளர்ந்தது.

அவன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். "நீங்க மன்னிச்சிட்டிய அண்ணே. எனக்குத்தான் என்னைய மன்னிக்க முடியல. மிஷின் சத்தம் கேட்டாலே கை நடுங்குது. உறக்கமே கெடையாது."

திரும்பும் பஸ்ஸில், ஜன்னலில் தலை சாய்த்து அசந்து தூங்கினேன். அப்படித் தூங்கி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. கொதிப்பும் மெல்ல அடங்கியது. அவன் கைநடுக்கம் மட்டும் நிற்கவில்லை. ஞாயிறுகளில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். என் உடம்பை மீட்டுத் தந்த அந்த ஒரு வார்த்தையை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சொல்லியிருந்தால் அவனும் உறங்கியிருப்பானோ என்பதுதான், நிம்மதியாகக் கண்மூடும்போதெல்லாம் என்னை உறுத்துகிறது.