துப்பத் தெரிந்த சுதாகரன்

ஹட்டனுக்கு மேலே தேயிலை மலைக்கு நடுவில் இருக்கிற பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கிச் சில வருஷமாகிறது. அங்கே மேசைக்குப் பரிமாறுகிற சுதாகரனை வைன் வகுப்புக்குத் தேர்ந்தெடுத்தார் மெனேஜர். திறமையைப் பார்த்தெல்லாம் இல்லை. முந்தின தடவை அனுப்பிய ஆள், வகுப்பில் பழகுவதற்கு வைத்திருந்த போத்தல்களை ஒரே மூச்சில் பழகிப் பார்த்துவிட்டு குசினிக்குப் பின்னால் படுத்துவிட்டார். அதனால் இந்த முறை ஒரு சொட்டும் தொடாத ஆள் வேண்டுமென்று தேடினார்கள். பங்களாவில் அப்படி ஒருத்தன்தான் இருந்தான். மீனைத் தொடாதவனைப் பார்த்து மீன் கடை வேலைக்கு வைத்த மாதிரிதான்.

சுதாகரன் குடிக்காததற்குப் பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது. மனைவி தனுஜாதான் காரணம். அவள் கசிப்பு என்கிற கள்ளச்சாராயத்துக்கு அப்பாவைப் பறிகொடுத்தவள். சின்ன வயதில் வீட்டுக்கு வரும் அப்பாவின் வாயை மோந்து பார்த்து அம்மாவுக்கு ஜாடை காட்டுவது அவள் வேலை. ஜாடை சரியில்லை என்றால் அம்மா பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக் காம்பிராவுக்கு அனுப்பிவிடுவாள். சுதாகரன் பெண் பார்க்கப் போன அன்றே தனுஜா முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "வாயில வாசம் வந்துச்சுன்னா, புள்ளையத் தூக்கிக்கிட்டு கொத்மலைக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

அப்போது பிள்ளையே கிடையாது. இப்போது இருக்கிறது, பள்ளிக்கூடமும் போகிறது. அதனால் அந்த வார்த்தைக்கு இப்போது கனம் கூடிவிட்டது.

வகுப்பில் தேறினால் சாப்பாட்டு மண்டபத்துக்கு அவன்தான் தலைவன் என்று மெனேஜர் சொல்லியிருந்தார். சுதாகரனுக்கு ஆசை வந்துவிட்டது. வீட்டில், "வெள்ளக்காரங்களுக்கு டீ குடுக்கிறது எப்பிடின்னு பழக்குறாங்க" என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான்.

பாடம் நடத்தக் கொழும்பிலிருந்து ஹர்ஷனி மிஸ் வந்தார்; பக்கத்து ஹோட்டல்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கிளாஸைச் சுழற்று, மோந்து பார், ஒரு வாய் எடு, நாக்கு முழுக்க உருட்டு, அப்புறம் வாளியில் துப்பு. இதுதான் பாடம். துப்பு என்றதும் மற்றவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. நல்ல சாமானை இப்படிப் பாழாக்குகிறார்களே என்று ஒருத்தர் பெருமூச்சே விட்டார். சுதாகரன் மட்டும் முழு மனதோடு துப்பினான். அவன் துப்பினால் வாளி டங்கென்று சத்தம் போடும்.

ஆனால் துப்பினாலும் வாயில் வாசம் நிற்கும் என்பதை அந்தப் புத்திசாலி யோசிக்கவில்லை. முதல் நாள் வகுப்பு முடிந்து வீட்டுக்கு இறங்கும்போதுதான் உறைத்தது. வளைவில் இருக்கும் ராசிக் நானாவின் பலசரக்குக் கடைக்குள் பாய்ந்தான்.

"நானா, கொஞ்சம் மோந்து பாருங்க."

"என்னத்தயா?"

"என் வாயைத்தான்."

ராசிக் நானா பிறந்ததிலிருந்து மதுவைக் கண்ணால் பார்த்ததோடு சரி. இருந்தாலும் மனிதர் இரக்கப்பட்டவர். "ஊதுங்க பாப்பம்" என்றார். ஊதினான். நானா இரண்டடி பின்னால் போய், ஏலக்காய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மென்றுவிட்டு ஊதினான்.

"இப்ப இனிப்பு வட்டிலாப்பத்துல சாராயத்த ஊத்தின மாதிரி இருக்கு தம்பி."

அன்றைக்குத் தேசிக்காய் ஊறுகாய்தான் காப்பாற்றியது. அதிலிருந்து ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் இதே கூத்து. கடையில் இருந்த எல்லாவற்றையும் சுதாகரன் மென்று பார்த்தான். வெள்ளை வைனுக்குப் பின்னால் ஊறுகாய் தின்றால் வைன் இருந்த இடமே தெரியாது. சிவப்புக்குப் பின்னால் கருவாடு கடித்தால் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி இருக்கும். நுரை வைனும் உளுந்து வடையும் சேர்ந்தால் நாக்கு இன்னொரு வடை கேட்கும். குடியையே அறியாத இரண்டு பேர் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் நின்று ஊதுவதும் மோப்பதுமாக இருந்ததைப் பார்த்து, சாமான் வாங்க வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

வகுப்பில் மிஸ் ஒருநாள், இந்தச் சிவப்பை மீனோடு கொடுக்கலாமா என்று கேட்டார். "வேணாம் மிஸ், ஆணி" என்று சிங்களத்தில் சட்டென்று சொன்னான் சுதாகரன். மிஸ் சிரித்துவிட்டு, சரியென்றார். எங்கே பழகினாய் என்று அவர் கேட்காதது இவன் அதிர்ஷ்டம்.

கடைசி வகுப்புக்கு ஆளுக்கொரு வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்து, அதற்கேற்ற வைனைத் தேர்ந்து காட்ட வேண்டும். ஹோட்டலில் விருந்து என்று இன்னொரு பொய் சொன்னான். தனுஜா விடியற்காலையில் எழும்பி ஆட்டிறைச்சி பிரட்டிக் கொடுத்தாள். பதற்றத்தில் மனிதன் அந்தப் பாத்திரத்தை அலுமாரிக்கு மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றைக்குப் பேய்மழை. மலையில் தேயிலைக் கொழுந்து பறிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அந்த வேலையிலிருந்து வீட்டுக்கு வந்த தனுஜா பாத்திரத்தைப் பார்த்தாள். ஐயோ பாவம், மனுஷன் வெறுங்கையோடு நிற்பாரே என்று அதைத் துணியில் சுற்றிக்கொண்டு பங்களாவுக்கு ஏறினாள்.

மண்டபக் கதவு திறந்திருந்தது. உள்ளே சுதாகரன் கழுத்தில் டையோடு, கையில் சிவப்புக் கிளாஸோடு, கன்னம் இரண்டும் உப்ப நின்றான். கதவடியில் நனைந்தபடி நின்ற பெண்டாட்டியைக் கண்டான். இத்தனை வகுப்பிலும் ஒரு சொட்டு விடாமல் துப்பினவன், அந்தப் பயத்தில் மடக்கென்று விழுங்கிவிட்டான்.

தனுஜா நேராக அவன் முன்னால் வந்தாள்.

"ஊதுங்க."

மிஸ்ஸுக்கு முன்னால், மெனேஜருக்கு முன்னால், சுதாகரன் ஊதினான். அவள் மோந்தாள். அவள் முகம் சின்னப்பிள்ளை முகமாக மாறியதைப் பார்த்து அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கொத்மலை பஸ் அவன் கண் முன்னால் கிளம்பியது.

"குடிக்கல தனுஜா. எல்லாத்தையும் துப்பிட்டேன். அந்தா வாளி" என்றான்.

அவள் வாளியை எட்டிப் பார்த்தாள். நிறைந்திருந்தது. பக்கத்தில் நின்ற ஒருத்தர், நிரூபிக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தன் வாயில் இருந்ததையும் துப்பிக் காட்டினார். தனுஜா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாவுக்கும் இப்பிடி ஒரு வாளி வச்சிருக்கலாம்" என்றாள். பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இறைச்சிக்கு அந்தச் சிவப்பு பொருந்தியது என்று மிஸ் சொன்னார். சுதாகரன் தேறிவிட்டான். அதைக் கேட்கிற நிலையில் அவன் இல்லை. ராசிக் நானாவின் கடையில்கூட நிற்காமல் லயத்து வீட்டுக்கு ஓடினான்.

வீடு திறந்திருந்தது. பிள்ளை தரையில் எழுதிக்கொண்டிருந்தது. தனுஜா அடுப்படியில் இருந்தாள். வாசலிலேயே நின்று, "ஒரு வாய் உள்ள போயிருச்சு" என்றான்.

"தெரியும். தொண்டை ஏறி எறங்கினதப் பாத்தேன்." அவள் திரும்பவில்லை. "எதுக்கு முழுங்கினீங்க?"

"ஒன்னயப் பாத்த பயத்துல."

தனுஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கம்மாவப் பாத்து எங்கப்பா ஒருநாள்கூட பயந்ததில்ல" என்றாள். "உள்ள வாங்க. வரும்போது ஊதிட்டு வாங்க."