என் ஸ்கிரீன், அவள் சர்வர்

தா.பழூரைச் சேர்ந்த ஓர் அம்மாவின் பெயர் கம்ப்யூட்டர் திரையில் அடுத்தடுத்து மூன்று வரிகளில் வந்து நின்ற காலை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மூன்று வேறு வேறு ஆட்களின் ரத்தப் பரிசோதனை முடிவு இருக்க வேண்டிய இடம் அது. என் ஓரகத்தி நகத்தைக் கடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

பெரம்பலூரில் எங்கள் லேப் மாமனார் தொடங்கியது. வருகிறவர்களின் விவரத்தைப் பதிகிற புரோகிராமை நான்தான் ஆக்சஸ் என்கிற மென்பொருளில் செய்தேன். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஒரு பழைய புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, தப்பும் தவறுமாய்க் கற்றுச் செய்தது. அரியலூரில் கிளை திறந்த பிறகும் அதுதான் ஓடியது. ஆனால் அங்கே ஒரு பிரதி, இங்கே ஒரு பிரதி. அன்றன்றைய பதிவு பென் டிரைவில் பஸ் ஏறி வரும். அங்கே ரத்தம் கொடுத்தவர் இங்கே வந்து ரிப்போர்ட் கேட்டால் விழிப்போம். எதுவானாலும் மாமனார் என்னைத்தான் கூப்பிடுவார். அது எனக்குப் பிடித்திருந்தது.

கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டு இளையவள் வந்தாள். கம்ப்யூட்டர் படித்தவள். விவரங்களையெல்லாம் சர்வர் என்கிற ஒரே பொதுக் கம்ப்யூட்டரில் வைத்து, இரண்டு ஊரையும் அதோடு இணைத்துவிடலாம் என்று சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள். மாமனார் சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் பேசும்போது அவர் ஒருநாளும் சாப்பிடுவதை நிறுத்தியதில்லை. நான் செய்த பதிவுத் திரையைத் தூக்கி எறிந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவள் அதில் கையே வைக்கவில்லை. நான் பூசிய இளநீலம், நான் தப்பாக அடித்திருந்த ஆங்கிலச் சொல் எல்லாம் அப்படியே இருந்தன. திரைக்குப் பின்னால் இருந்த பதிவுகளை மட்டும் சர்வருக்கு மாற்றினாள். கோபப்பட ஒரு காரணமும் கிடைக்காமல் பொறாமை மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

முதன்முதலாக இணைத்த அன்றுதான் அந்த அம்மாவின் பெயர் அப்படி வந்தது. வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள். பழையபடியே ஓட்டிக்கொள்ளலாம் என்று மாமனார் சொல்ல ஆரம்பித்தபோது அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, வர்றவங்களுக்குக் குடுக்குற இந்த நம்பர் ஒரு ஆளுக்கு ஒண்ணுதானே?"

இல்லை. வருடம் பிறந்தால் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஒரே எண்ணைப் பார்த்துவிட்டு கம்ப்யூட்டர் மூன்று பேரையும் ஒருவராக்கியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் தோற்றுப்போவாள். ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறதே, அதைக் காட்டாமல் இருக்க முடியவில்லை.

"வருசா வருசம் நம்பர் திரும்ப ஆரம்பிக்கும். வருசத்தையும் சேத்துக் குடு" என்றேன்.

கொடுத்தாள். மூன்று வரியிலும் மூன்று பேர் வந்தார்கள். இங்கே பதிந்த பெயர் அங்கே தெரிகிறது என்று அரியலூரிலிருந்து கொழுந்தனார் போன் செய்தார். சின்ன மருமகள் சாதித்துவிட்டதாக மாமனார் எல்லாரிடமும் சொன்னார். அக்கா சொன்னதால்தான் முடிந்தது என்று அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். யார் காதிலும் விழவில்லை. அவள் தயவில் எனக்குப் பெயர் கிடைக்கப் பார்த்ததில் இன்னும் எரிந்தது.

இப்போது அவளும் கொழுந்தனாரும் பெங்களூரில் இருக்கிறார்கள். இரண்டு லேப்பையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் போனில் பேசிக்கொண்டிருந்தவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"உங்களப் பாத்தா எனக்கு எப்பவும் பொறாமையா இருக்கும்க்கா. யாரும் சொல்லிக் குடுக்காம நீங்களா செஞ்சீங்க. நான் படிச்சதத்தான் செஞ்சேன்."

போடி என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்தேன். கொஞ்ச நேரம் மனசு குளிர்ந்துதான் இருந்தது. பிறகு, இத்தனை வருடம் நான் உள்ளுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த வார்த்தையை அவள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று தோன்றியது. அதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள்.