தேவாலயம் என்றுதான் எழுதியிருந்தது

ஸுமைராவுக்குக் கோபம் சிங்களத்தில் வரும், சிரிப்பு தமிழில் வரும், வேலை இங்கிலீஷில் நடக்கும். கண்டிக்குப் பக்கத்துத் திகனக்காரி. வீட்டில் பேச்சு தமிழ். படித்தது கண்டியில் ஒரு சிங்களப் பாடசாலையில். அதனால் வாயால் தமிழை வெளுத்து வாங்குவாள். வாசிக்கச் சொன்னால் மட்டும் முதலாம் வகுப்புப் பிள்ளையைப் போல எழுத்துக் கூட்டுவாள்.

என் பெயர் யோகராஜ். கண்டியில் துஷாந்த் என்பவர் நடத்தும் சின்னச் சுற்றுலா அலுவலகத்தில் மினி பஸ் ஓட்டுகிறேன். ஸுமைரா அங்கே பதினோரு வருடம் டெலிபோன் எடுத்தாள். குரலைக் கேட்டே ஆளை எடை போட்டுவிடுவாள். "அண்ணே, இந்த மனுஷன் ஆறு மணின்னு சொல்றாரு, ஏழரைக்குத்தான் வருவாரு" என்பாள். அப்படியே நடக்கும். நான் ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸுக்குள் இருந்து திட்டிக்கொண்டிருப்பேன்.

அந்தக் கதிரையில் இருந்துகொண்டே அவள் கண்டியைச் சுற்றியுள்ள கல், மரம், தூண் எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தாள். வாடிக்கையாளர் வாடகை கேட்டால் இவள் வரலாறு சொல்வாள். "நீங்க தினமும் போய்ப் பாக்குறீங்க, நான் டெலிபோன்லயே பாக்குறேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. வழிகாட்டிப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டாள். மூன்றாம் தடவை, முப்பத்தேழு வயதில், பாஸ். பல்லேகலயில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் அவளுடைய கணவர் ருஷ்தி லீவு போட்டுவிட்டு வந்தார். தாய் ஆஸியா உம்மா தெரு முழுக்க வட்டிலப்பம் கொடுத்தார். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது, பொய் சொல்லக் கூடாது.

துஷாந்த் மட்டும் லேசில் அசையவில்லை. "ஒரு ட்ரிப் தர்றேன். நல்லா இருந்துச்சுன்னு அவங்க சொன்னா தமிழ் குரூப் எல்லாம் உங்களுக்கு. ஒரு கம்ப்ளைண்ட் வந்தாலும் பழையபடி டெலிபோன்தான்" என்றார்.

அந்த ஒரு பயணம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அனுப்பியவர் செபமாலை மாஸ்டர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். செய்தி இப்படி இருந்தது: "எமது மூத்தோர் குழுவினர் பதினெண்மர், கண்டிப் பிரதேசத்துப் பழமையான தேவாலயங்களையும் தொல்பொருட் சின்னங்களையும் தரிசிக்க விழைகின்றனர்." இந்தத் தமிழை ஓட்ட எனக்கே தனி லைசன் வேண்டும். ஸுமைரா மூன்று தடவை எழுத்துக் கூட்டி, 'பழமையான', 'தேவாலயம்', 'தொல்பொருள்' என்ற மூன்று சொல்லையும் பிடித்துக்கொண்டாள்.

அங்கேதான் சறுக்கல். கண்டியில் 'தேவாலய' என்றால் சிங்களத்தில் தெய்வங்களின் கோயில். புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையைச் சுற்றியே நாலு தேவாலய இருக்கின்றன. அந்தச் சொல் தமிழில் கிறிஸ்தவர்களின் ஆலயத்தைக் குறிக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் பழகிய பேச்சில் சேர்ச் என்றால் சேர்ச், பள்ளி என்றால் தொழுகிற பள்ளி. எனக்காவது உறைத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் பக்கம் நாங்கள் மாதா கோயில் என்றுதானே சொல்கிறோம். அவள் என்னிடம் கொடுத்த துண்டில் எம்பக்க, லங்காதிலக, கடலாதெனிய என்று பழைய சிங்களக் கோயில்களின் பெயர் இருந்தது. அறுநூறு வருடத்துப் பழமை, மூன்றும் ஒரே சுற்றில். நான் டீசல் அடித்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹோட்டல் வாசலில் பதினெட்டுப் பேரும் தயாராக நின்றார்கள். எழுபது வயதுக்குக் குறைந்தவர் யாருமில்லை. பெண்கள் வெள்ளைச் சீலை. பலர் கையில் செபமாலை, எல்லார் கையிலும் பாட்டுத் தாள். யாழ்ப்பாணத்து ஆட்கள் எந்தச் சாமி என்றாலும் பக்தியாகத்தான் போவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். மடையன்.

மாஸ்டர் எனக்குப் பின்னாலேயே உட்கார்ந்தார். வழியில் கண்ட கடைப் பலகைகளின் எழுத்துப்பிழைகளை ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு வந்தார். பேராதனை தாண்டும்போது எட்டுப் பிழை ஆகிவிட்டது. அவருக்குப் பக்கத்தில் பிலோமினா, ஓய்வுபெற்ற தாதி. வாய் ஓயாது.

"பிள்ளை, அங்கை இண்டைக்குப் பூசை இருக்கோ?" என்று கேட்டார் பிலோமினா.

"ஈக்குது அன்ரி. சனிக்கிழமை விசேஷம்" என்றாள் ஸுமைரா.

"சுவாமி நிப்பாரோ?"

ஸுமைரா என்னைப் பார்த்தாள். இது நம்ம பாடம் என்று நான் முந்திக்கொண்டேன். "சாமி அங்கதானே இருப்பாரு, எங்க போகப் போறாரு?"

"நல்ல சுவாமி போலை. எங்கடை ஆள் ஒரு இடத்திலை நிக்க மாட்டார்" என்றார் பிலோமினா. பஸ் முழுக்கச் சிரித்தது.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்கள் பூசை என்பது தங்கள் ஆராதனையை, சுவாமி என்பது பாதிரியாரை. இதை நான் அன்று மத்தியானம்தான் தெரிந்துகொண்டேன்.

எம்பக்கவில் இறங்கியபோது உள்ளே மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "மணிக்குப் பதிலா மேளம். வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு இப்பிடித்தான், உள்ளூர்ப் பண்பாட்டை உள்வாங்க வேணும் எண்டு சொன்னவை" என்று எல்லாருக்கும் விளக்கினார். எல்லாரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மரத் தூண் மண்டபத்துக்குள் போனார்கள். ஒரு தூணில் தாய் ஒருத்தி பிள்ளைக்குப் பாலூட்டுவதைச் செதுக்கியிருக்கிறார்கள். பிலோமினா அதைப் பார்த்ததும் "மாதாவே!" என்று நெற்றியில் சிலுவை போட்டார்.

ஸுமைராவின் முகம் மாறியது. மாஸ்டர் இன்னும் சிலுவையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இது எந்தச் சபை? கத்தோலிக்கமோ, அங்கிலிக்கனோ?"

"சேர், இது தேவாலய. கதிர்காமத் தெய்வத்தோட தேவாலய" என்றாள்.

"கதிர்காமமோ? முருகனோ?"

"ஓ சேர்."

பதினெட்டுப் பேரும் அப்படியே நின்றார்கள். மேளம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ஸுமைரா போனை எடுத்து அந்தச் செய்தியை மறுபடி எழுத்துக் கூட்டினாள். "அனே!" என்றாள், சிங்களத்து ஐயோ.

நான் அவளை ஓரமாக இழுத்தேன். "அவரு தேவாலயம்னுதானே எழுதியிருக்காரு. பிழை அவரு பக்கம்னு சொல்லிடுங்க தங்கச்சி. மெசேஜ் கையில இருக்கு."

"வெளங்காட்டி கேட்டீக்கணும் அண்ணே. நான் கேக்கல்ல" என்றாள். பிறகு நேரே மண்டபத்துக்கு நடுவில் போய் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "நான் பிழ செஞ்சிட்டேன். நீங்க சேர்ச் பாக்க வந்தீங்க. நான் வேற இடத்துக்குக் கூட்டிட்டு வந்திட்டேன். எனக்குத் தமிழ் வாசிக்க அவ்வளவு வராது. மன்னிச்சுக்கொள்ளுங்க."

பிலோமினாதான் ஆரம்பித்தார். "மாஸ்டர், சேர்ச் எண்டு எழுதச் சொல்லி நான் தலையிலை அடிச்சுச் சொன்னனான்."

"நான் ஏன் இங்கிலீசிலை எழுத வேணும்?"

"அப்ப கோயில் எண்டாவது எழுதியிருக்கலாம்."

"எழுதியிருந்தா நேரே கதிர்காமத்துக்கே கொண்டு போயிருப்பா."

"யானைக்கும் அடி சறுக்கும் மாஸ்டர். ஒத்துக்கொள்ளுங்கோ, என்ன குறைஞ்சு போடும்?"

மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. படியில் போய் உட்கார்ந்தார். முகம் கறுத்துவிட்டது. "ரெண்டு மாதம் பாடிப் பழகினம், ஒரு பழைய கோயிலிலை பாடுறதுக்கெண்டு. நான் துஷாந்த் தம்பியோடை கதைக்க வேணும்" என்றார். பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்த ஒரு நாள், காலை ஒன்பதரைக்கே முடிந்துவிடும் போலிருந்தது.

"கதைங்க சேர். அதுக்கு முந்தி எனக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் தாங்க" என்றாள் ஸுமைரா.

போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் மரநிழலுக்குப் போனாள். கண்டியில் எந்தக் கதவை யார் திறப்பார்கள் என்று அவளுக்கு மனப்பாடம். ஒரு சேர்ச்சில் கல்யாணம், இன்னொன்றில் பெயின்ட் அடிக்கிறார்கள். ஐந்தாவது அழைப்பில், நகருக்குள் ஒரு பழைய கிறிஸ்தவப் பாடசாலையின் சிற்றாலயத்தைப் பார்த்துக்கொள்பவர், அனுமதி கேட்டுவிட்டுத் திரும்ப எடுப்பதாகச் சொன்னார். டெலிபோன் வேலையைக் கேவலமாகப் பேசாதீர்கள்.

பதில் வரும் வரை சும்மா இருப்பானேன் என்று அவள் தூண்களைக் காட்டத் தொடங்கினாள். அங்கே ஒரு தூணில் இரண்டு அன்னங்கள், கழுத்தும் கழுத்தும் முடிச்சுப் போட்டபடி இருக்கின்றன. "எந்தக் கழுத்து எந்த அன்னத்தோடதுன்னு கண்டுபிடிங்க பாப்பம். தொடக் கூடாது, காத்துல விரலால போங்க" என்றாள். முதலில் பிலோமினா விரலைத் தூக்கினார். பாதியில் வழி தவறித் திரும்ப வந்தார். பிறகு இன்னும் நாலு பேர். கொஞ்ச நேரத்தில் எழுபது வயதுக்காரர்கள் எல்லாரும் காற்றில் விரலை ஓட்டிக்கொண்டு சண்டை பிடித்தார்கள். அடுத்து மல்லர், அடுத்து இரட்டைத் தலைக் கழுகு. கூரையில் இருபத்தாறு கைமரங்களை ஒரே மர ஆப்பு பிடித்து வைத்திருப்பதைச் சொன்னபோது, படியில் இருந்த மாஸ்டர் எழுந்து வந்து அண்ணாந்து பார்த்து எண்ணினார். சரியாக இருந்தது. அதிலும் பிழை பிடிக்க முடியாதது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அப்போது போன் அடித்தது. மூன்று மணிக்கு வரலாமாம். லங்காதிலகவையும் கடலாதெனியவையும் விட்டுவிட்டு, வழியில் சோறு சாப்பிட்டுத் திரும்பினோம்.

அந்தச் சிற்றாலயம் ஒரு மேட்டில் இருக்கிறது. பக்கங்களில் சுவர் இல்லை. கல் தூண்கள், எல்லாம் கண்டி வேலைப்பாடு. மாஸ்டர் ஒரு தூணுக்கு முன்னால் போய் நின்றார். அன்று காலைக்குப் பிறகு முதல் தடவையாக அவளோடு பேசினார்.

"இதைப் பற்றிச் சொல்லு பிள்ளை."

ஸுமைரா அந்தத் தூணை மேலும் கீழும் பார்த்தாள். "சேர், இந்த இடத்துக்கு நான் படிச்சிட்டு வரல்ல. தெரியாததைச் சொல்ல மாட்டேன்."

மாஸ்டருக்குப் பின்னாலிருந்து பிலோமினாவின் விரல் காற்றில் எழும்பியது. "இஞ்சை பாருங்கோ, காலமை கண்ட அன்னம்! அங்கை மரத்திலை, இஞ்சை கல்லிலை." இன்னொருவர் தாமரையைக் கண்டுபிடித்தார். வேறொருவர் ஒரு கொடியின் நுனியைத் தேடித் தூணைச் சுற்றி வந்தார். பதினெட்டுப் பேரும் தூண் தூணாக நின்று, காலையில் அவள் சொன்னதை அவளுக்கே திருப்பிச் சொன்னார்கள். மாஸ்டரும் விரலைத் தூக்கினார். "காலமை அங்கை போகாமல் இஞ்சை வந்திருந்தா, தூண் எண்டு சொல்லிப்போட்டுப் போயிருப்பம்" என்றார். அதை அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதற்கு என்ன வெட்கம்.

பிறகு பாடினார்கள். இரண்டு மாதம் பழகியதற்குச் சுருதி கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருந்தது. ஆனாலும் நன்றாக இருந்தது.

ஐந்து மணிக்கு பஸ்ஸில் ஏறியதும் துஷாந்த் மாஸ்டரின் போனுக்கு எடுத்தார். மாஸ்டருக்குக் காது மந்தம், போனை ஸ்பீக்கரில் போட்டார். "பயணம் எப்படி சேர்?" என்ற குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "எல்லாம் நிகழ்ச்சி நிரலின்படி. ஒரு குறையும் இல்லை. தேவாலயம் கேட்டனாங்கள், தேவாலயம் காட்டினவ."

"மாஸ்டர், நாளைக்குச் சுவாமியிட்டைப் பாவசங்கீர்த்தனத்துக்கு முதல் ஆளா நீங்கள்தான் நிக்க வேணும்" என்றார் பிலோமினா. பஸ் குலுங்கிச் சிரித்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஸுமைரா விடவில்லை. கையை நீட்டிப் போனை வாங்கினாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று எனக்குக் கோபமே வந்தது.

"சேர் எனக்காகப் பொய் சொல்றாரு. நான் சேர்ச்சுக்குப் பதிலா எம்பக்கவுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டேன். அதுக்குப் பிறகுதான் சேர்ச். ரெண்டு இடம் பாக்கவும் இல்ல" என்றாள் துஷாந்திடம்.

பஸ்ஸில் சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

"அப்ப அங்க யாரு இப்படிச் சிரிக்கிறது?" என்று கேட்டார் துஷாந்த்.

"எல்லாரும்தான்."

துஷாந்த் பெரிதாக மூச்சு விட்டார். "சரி. திங்கட்கிழமை டெலிபோன நான் எடுக்கிறேன். நீங்க பஸ்ல ஏறுங்க."

ஸுமைரா அழத் தொடங்கினாள். முன்னாலும் பின்னாலும் இருந்து கைக்குட்டைகள் நீண்டன. எதை வாங்குவது என்று தெரியாமல், அவள் பிலோமினாவின் சீலைத் தலைப்பிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.